கொண்டை ஊசி வளைவுகளில் பைக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல்லில் இருந்து கொல்லிமலைக்கு மாதம் ஒருமுறையாவது ஏறி இறங்குகிறேன். பதினைந்து வருடப் பழக்கம். நடுவில் வால்பாறை, மஞ்சூர், தாண்டிக்குடி, மேகமலை, குப்பனூர் வழியாக ஏற்காடு என்று மற்ற மலைகளுக்கும் போவதுண்டு. முதன்முறை பைக்கில் மலை ஏறப் போகிறவர்கள், ஒருமுறை போய் பயந்து திரும்பியவர்கள், வீட்டில் இருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலும் தமிழ்நாட்டு மலைப்பாதைகளை வைத்தே பேசுகிறேன். நான் ஓட்டிப் பழகியவை அவைதான்.

என்னிடம் இருப்பது 100 சிசி வண்டி. அது மலை ஏறுமா?

தாராளமாக ஏறும். கொல்லிமலையில் இருக்கிறவர்கள் மிளகு மூட்டையும் பலாப்பழமும் கட்டிக்கொண்டு அந்த வண்டியில்தான் தினமும் போய் வருகிறார்கள். வேகம் குறைவாக இருக்கும், இரண்டாவது கியரிலேயே நிறைய தூரம் போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான். உயரம் கூடக் கூட காற்று லேசாவதால் எஞ்சினின் சக்தியும் குறையும். ஊட்டி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே எந்த வண்டியானாலும் சமவெளியில் இருந்த பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். வண்டி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். இறங்கினால் தானாகச் சரியாகிவிடும்.

வண்டியின் சிசியை விட பிரேக்கும் டயரும் எப்படி இருக்கின்றன என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். ஏற முடியாத வண்டி வழியில் நின்றுவிடும், யாருக்கும் ஆபத்தில்லை. பிரேக் இல்லாத வண்டி ஏறிவிடும். இறங்கும்போதுதான் தெரியும்.

முதல் பயணத்துக்கு எந்த மலை நல்லது?

ஏலகிரி. பதினான்கு வளைவுகள்தான், பாதை அகலம், வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். திண்டுக்கல் பக்கம் இருப்பவர்களுக்குச் சிறுமலை, பதினெட்டு வளைவு. சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு நேர் வழியில் இருபது வளைவு. இந்த மூன்றில் ஒன்றை இரண்டு மூன்று முறை ஏறி இறங்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

அப்புறம் ஆழியாறில் இருந்து வால்பாறை, நாற்பது வளைவு. சாலை நல்ல சாலை, ஆனால் நீளம். கையும் இடுப்பும் சோர்ந்துவிடும். கடைசியாக, காரவள்ளியில் தொடங்கும் கொல்லிமலைப் பாதை. எழுபது வளைவு. ஒவ்வொன்றிலும் எத்தனையாவது வளைவு என்று பலகை இருக்கும். சில இடங்களில் ஒரு வளைவு முடிந்து வண்டி நேராவதற்குள் அடுத்தது வந்துவிடும். அங்கே போகும்போது கை தானாக வேலை செய்கிற அளவுக்குப் பழக்கம் இருக்க வேண்டும். ஆடிப்பெருக்கையொட்டி வல்வில் ஓரி விழா நடக்கிற நாட்களில் மட்டும் புதியவர்கள் வேண்டாம். பாதை முழுக்க வண்டிகளாக இருக்கும்.

கொண்டை ஊசி வளைவை எப்படித் திரும்புவது? ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன்.

எல்லாருக்கும் வருகிற சிக்கல் இது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வளைவுக்குள் நுழைந்த பிறகு வேகத்தைக் குறைக்கப் பார்ப்பது.

பிரேக், கியர் இரண்டு வேலையும் வண்டி நிமிர்ந்திருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். வளைவு வருவதற்கு முன்பே நன்றாகக் குறைத்து, கியரையும் மாற்றிவிடுங்கள். வளைவுக்குள் போகும்போது ஆக்சிலேட்டரை லேசாக, ஒரே சீராகப் பிடித்திருந்தால் போதும். வண்டி தானே சுற்றி வரும்.

அடுத்தது கண். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குப் போவோம், தடுப்புச் சுவரைப் பார்த்தால் சுவருக்குப் போவோம். வளைவு எங்கே முடிகிறதோ அங்கே பாருங்கள். கண்ணை மட்டும் திருப்பினால் போதாது, கழுத்தையே திருப்ப வேண்டும். கொண்டை ஊசியில் கிட்டத்தட்ட உங்கள் தோளுக்கு மேலாகப் பார்ப்பது போல இருக்கும். முதலில் விசித்திரமாகத் தோன்றும். ஒரு பத்து வளைவு அப்படிச் செய்துவிட்டால் பிறகு வேறு மாதிரி ஓட்ட வராது.

மூன்றாவது, எங்கே திரும்பத் தொடங்குவது. புதியவர்கள் சீக்கிரம் திரும்பிவிடுகிறார்கள். சீக்கிரம் திரும்பினால் வளைவின் முடிவில் வண்டி வெளியே தள்ளிக்கொண்டு போகும். கொஞ்சம் பொறுத்து, வளைவின் மறுபக்கம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு திரும்பினால் கடைசியில் நம் பக்கத்திலேயே வந்து முடியும். இடது வளைவில் நடுக்கோட்டுக்குச் சற்று உள்ளே, நம் பாதையிலேயே இருந்துகொண்டு போனால் தூரம் வரை தெரியும். வலது வளைவில் இடது ஓரமாகப் போங்கள், ஆனால் ஓரத்து ஜல்லியில் ஏறாமல். வலது வளைவில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சக்கரம் நம் பக்கத்தில் இருந்தாலும், வண்டி சாயும்போது தலையும் தோளும் கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நிற்கும். எதிரே வருகிற லாரிக்குச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று கணக்கில்லை. அதனால் வலது வளைவில் கோட்டில் இருந்து ஒரு முழமாவது தள்ளியே இருங்கள்.

பந்தயத்தில் ஓட்டுகிற மாதிரி சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு வெட்டிப் போவது மலையில் கூடவே கூடாது. அங்கே எதிரே யாரும் வர மாட்டார்கள். இங்கே டவுன் பஸ் வரும்.

ஏறும்போது இடது கொண்டை ஊசியில் வண்டி நின்று அப்படியே சாய்ந்துவிடுகிறது. ஏன்?

உட்புற வளைவு அது. குறுகலாகவும், மிகச் செங்குத்தாகவும் இருப்பது அந்த உள் ஓரம்தான். இரண்டாவது கியரில் போய் பாதியில் எஞ்சின் திணறும், நீங்கள் கிளட்சைப் பிடிப்பீர்கள், வண்டி நிற்கும், இடது காலை ஊன்றப் பார்த்தால் தரை இன்னும் கீழே இருக்கும். நின்ற வண்டி விழுவது இப்படித்தான். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். உள் ஓரத்தை ஒட்டாமல் பாதையின் நடுவில் போங்கள். வேகம் மிகக் குறைந்தால் கிளட்சை முழுதாகப் பிடிக்காமல் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டிப் போனால் வண்டி ஆடாமல் நிற்கும். இதை ஒரு காலி மைதானத்தில் அரை மணி நேரம் பழகலாம். மலையில் பழகத் தேவையில்லை.

இறங்கும்போது நியூட்ரலில் விடலாமா? பெட்ரோல் மிச்சமாகும் என்கிறார்களே.

கூடாது. எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு இறங்குவது அதைவிட மோசம். கிளட்சைப் பிடித்துக்கொண்டே இறங்குவதும் நியூட்ரலில் விடுவதும் ஒன்றுதான்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மலையில் நான் பார்த்த விபத்துகளில் பெரும்பாலானவை இறக்கத்தில் நடந்தவை. வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 270 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 மீட்டர் உயரத்தில் இருந்து இறங்குகிறோம். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படுகிற சக்தி எங்காவது போயாக வேண்டும். முழுவதும் பிரேக்கிலேயே போனால், எட்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு சூடு உங்கள் பிரேக்கில் இறங்குகிறது என்று அர்த்தம். ஒரு உள்ளங்கை அளவு பிரேக் ஷூ அதைத் தாங்காது.

டிரம் பிரேக்கில் சூடேறினால் டிரம் விரியும், ஷூவின் பிடிப்பும் குறையும். லீவரை இன்னும் இன்னும் அழுத்த வேண்டி வரும். டிஸ்க் பிரேக்கில் இருக்கும் எண்ணெய் கொதித்துவிட்டால் உள்ளே குமிழி உண்டாகும். லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. டாட் 4 என்ற தரத்துப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

அதனால் பாதி வேலையை எஞ்சினிடம் கொடுங்கள். "எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு" என்று மலை டிரைவர்கள் சொல்வார்கள். இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால், எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுத்து வைக்கும். உறுமல் சத்தம் கூடும், அதில் தப்பில்லை. அதோடு பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள்: நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு முழுதாக விட்டு, ஆற விட்டு, மறுபடி. காலை பிரேக் மேலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டு இறங்குவதுதான் கெடுதல்.

பெட்ரோல் கணக்குக்கும் ஒரு பதில். இப்போது வருகிற ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால், வேகம் இருக்கும்வரை எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதே பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் ஓடுவதற்குப் பெட்ரோல் குடிக்கும்.

ஸ்கூட்டரில் போகலாமா?

ஏறலாம். இறங்குவதற்கு மிகுந்த கவனம் வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சினையும் சக்கரத்தையும் இணைக்கிற கிளட்ச், எஞ்சின் வேகம் குறைந்ததும் தானாக விலகிவிடும். அப்போது வண்டி நியூட்ரலில் உருள்வது போலத்தான். எஞ்சின் பிடித்து இழுக்காது, மொத்த பாரமும் பிரேக் மேல். அந்த பிரேக்கும் பல ஸ்கூட்டர்களில் சின்ன டிரம்.

சில வருடங்களுக்கு முன் கொல்லிமலையில் இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி மலை தாண்டியிருக்கும், ஒரு வளைவின் ஓரத்தில் ஸ்கூட்டரோடு ஒருவர் நின்றிருந்தார். கூடவே மனைவி, ஐந்தாறு வயதுப் பெண் குழந்தை. கிட்டே போகும்போதே கருகல் வாடை, துணி தீய்ந்தது போல. "பிரேக் பிடிக்கவே மாட்டேங்குதுங்க" என்றார். லீவரைப் பிடித்துப் பார்த்தேன், கைப்பிடி வரை வந்து முட்டியது. மண் மேட்டில் ஏற்றித்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறார். பாட்டில் தண்ணீரைத் திறந்து சக்கரத்தில் ஊற்றப் போனார், வேண்டாம் என்று தடுத்தேன். அவ்வளவு சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் இரும்பு கோணிக்கொள்ளும், சமயத்தில் விரிசல் விடும். நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். அந்தக் குழந்தை கொய்யாப்பழம் தின்றுகொண்டு குரங்குகளை எண்ணியது. பிறகு லீவர் இறுகியது. மனைவியையும் குழந்தையையும் அடுத்து வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அவர் தனியாக மெல்ல இறங்கினார், நான் பின்னாலேயே வந்தேன்.

ஸ்கூட்டரில் போவதாக இருந்தால் ஒருவர் மட்டும் போங்கள். ஏழெட்டு வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி ஐந்து நிமிடம் ஆற விடுங்கள். லீவர் வழக்கத்தைவிட உள்ளே போகிறது என்று விரலுக்குத் தெரிந்த உடனே நிறுத்துங்கள், அடுத்த வளைவு வரை பார்க்கலாம் என்று போகாதீர்கள்.

முன் பிரேக் பிடித்தால் வண்டி கவிழ்ந்துவிடும் என்கிறார்கள். பின் பிரேக் மட்டும் போதுமா?

போதாது. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது, இறக்கத்தில் இன்னும் அதிகமாக. பின் சக்கரத்தில் பாரமே இருக்காது. பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் அது பூட்டிக்கொண்டு வழுக்கும். முன் பிரேக்தான் வண்டியை நிறுத்துகிறது. இரண்டு விரலால், மெல்லத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். சடாரென்று பிடிப்பதும், வண்டி சாய்ந்திருக்கும்போது பிடிப்பதும்தான் கவிழ்க்கும்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒற்றைச் சேனல் ஏபிஎஸ் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். உங்கள் வண்டியில் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வளைவுக்குள் போன பிறகு வேகம் அதிகம் என்று தெரிகிறது. என்ன செய்வது?

இன்னும் சாயுங்கள். சாதாரண டயரும் உலர்ந்த சாலையும் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் தாங்கும். பயத்தில் பிரேக்கைப் பிடித்து வண்டியை நிமிர்த்துகிறவர்கள்தான் நேராக எதிர்ப்பக்கம் போகிறார்கள். திரும்ப வேண்டிய பக்கத்துக் கைப்பிடியை முன்னால் தள்ளுங்கள்: இடப்பக்கம் போக இடது கைப்பிடி, வலப்பக்கம் போக வலது. கேட்க நேர்மாறாக இருக்கும். ஆனால் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஆளில்லாத நேர்சாலையில் லேசாகத் தள்ளிப் பாருங்கள், வண்டி தள்ளிய பக்கமே சாய்ந்து போகும். இது கைக்குப் பழகிவிட்டால் ஆபத்தில் தானாக வரும்.

எவ்வளவு வேகத்தில் போகலாம்?

எண் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. கண்ணுக்குத் தெரிகிற சாலைக்குள் வண்டியை நிறுத்த முடிகிற வேகம், அதுதான் அளவு. வளைவுக்கு அந்தப் பக்கம் மாடு படுத்திருக்கிறது, பாறை விழுந்திருக்கிறது, பஸ் ரிவர்ஸ் எடுக்கிறது என்று நினைத்துக்கொண்டே போங்கள். வருடத்தில் ஒருநாள் அது உண்மையாகவே இருக்கும்.

கணக்கு வேண்டுமென்றால்: 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறோம். ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கை வைக்க ஒரு நொடி, நிற்க இன்னொரு பத்து மீட்டர். மொத்தம் இருபது மீட்டருக்கு மேல். 60 கிலோமீட்டரில் அதுவே நாற்பது மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் இரு மடங்கு. இது உலர்ந்த சமதரைக்கு. இறக்கத்தில் கூடும், ஈரத்தில் இன்னும் கூடும். கொல்லிமலையில் பல வளைவுகளில் இருபது மீட்டர் கூடக் கண்ணுக்குத் தெரியாது.

எதிரே பஸ் வந்தால் யார் வழிவிட வேண்டும்?

ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. இந்தியச் சாலை விதியிலேயே இருக்கிறது: குறுகிய மலைப்பாதையில் இறங்குகிறவர் ஒதுங்கி நின்று ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். ஏற்றத்தில் நின்ற பாரவண்டியை மறுபடி எடுப்பது எவ்வளவு சிரமம் என்று யோசித்தால் காரணம் புரியும்.

பஸ்ஸைப் பொறுத்தவரை விதியை விட உடம்பு முக்கியம். கொண்டை ஊசியில் திரும்ப பஸ்ஸுக்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும். அதன் பின் சக்கரம் முன் சக்கரம் போன வழியில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முன்பக்கம் நமக்கு இடம் விட்டது போலத் தெரியும், அதை நம்பி உள்ளே நுழைந்தால் நடுப்பகுதி நம்மைச் சுவரோடு சேர்த்து அழுத்தும். பஸ் வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே, நேரான இடத்தில் இடது ஓரமாக நின்று, அது முழுதாகத் திரும்பி முடிக்கும் வரை காத்திருங்கள். ஏறும்போது மேல் வளைவுகளையும், இறங்கும்போது கீழ் வளைவுகளையும் ஒரு பார்வை பார்த்து வையுங்கள். இரண்டு வளைவுக்கு அப்பால் வருகிற பஸ்ஸை மரங்களுக்கு நடுவில் முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

ஹாரன் அடிக்க வேண்டுமா?

மறைவான வளைவில் ஒருமுறை, குட்டையாக. இரவில் அதற்குப் பதில் லைட்டை டிம், பிரைட் அடித்துக் காட்டுங்கள். யானைக் காட்டில் ஹாரன் வேண்டாம்.

பின்னால் ஒருவரை உட்கார வைத்து ஓட்டலாமா?

நீங்கள் தனியாக நான்கைந்து முறை போய் வந்த மலை என்றால் சரி. பின்னால் இருப்பவரிடம் கிளம்பும் முன் இரண்டே விஷயம் சொல்லுங்கள். வண்டி சாயும்போது எதிர்ப்பக்கம் சாயாமல் என்னோடு சேர்ந்து இரு. இறக்கத்தில் என்மேல் சரியாமல் பின் கம்பியைப் பிடித்துக்கொள். புடவையோ துப்பட்டாவோ என்றால் சக்கரத்தில் மாட்டாதபடி இழுத்துச் செருகிக் கட்டச் சொல்லுங்கள். ஒருபக்கமாகக் கால் போட்டு உட்காருவது மலையில் வேண்டவே வேண்டாம். பின் டயரில் காற்றும் கொஞ்சம் கூட வேண்டும், எவ்வளவு என்பது செயின் கவர் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும்.

மழையிலும் பனியிலும் எப்படி ஓட்டுவது?

முடிந்தால் ஓட்டாமல் இருப்பதே நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கொடைக்கானல், கொல்லிமலை, நீலகிரிப் பாதைகளில் மண்சரிவு வழக்கம். வால்பாறைக்குத் தென்மேற்குப் பருவத்தில், ஜூன் முதலே, கொட்டித் தீர்க்கும். அந்த மாதங்களில் கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

போய் மாட்டிக்கொண்டால், மழையின் முதல் இருபது நிமிடம்தான் மிக மோசம் என்று நினைவில் வையுங்கள். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கும். ஒரு டீக்கடையில் ஒதுங்குங்கள். சாலைக் கோடுகளின் பெயிண்ட், பாலத்து இரும்பு, உதிர்ந்த இலை மூன்றும் ஈரத்தில் கண்ணாடி மாதிரி. நான் மலையில் விழுந்தது ஒரே ஒருமுறை, ஈர இலையில்தான். வால்பாறையில் மழை நின்று வெயில் அடித்த பிறகு, சில்வர் ஓக் மரத்து நிழலில் ஒரு இடது வளைவு. சாலையெல்லாம் உலர்ந்திருந்தது, அந்த நிழலில் மட்டும் நனைந்த இலை அடர்த்தியாகப் படிந்திருந்தது. முன் சக்கரம் சத்தமே இல்லாமல் நழுவியது. இடது மணிக்கட்டு ஆறு வாரம் கட்டில் இருந்தது. அன்றைக்குக் கையுறை போட்டிருந்ததால் உள்ளங்கைத் தோல் மிஞ்சியது. அதற்குப் பிறகு நிழல் விழுந்த வளைவு எல்லாமே ஈரமான வளைவு என்று நினைத்துத்தான் போகிறேன்.

மூடுபனியில் ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீம் வையுங்கள். பஸ்ஸோ லாரியோ முன்னால் போனால் அதன் பின் விளக்கைத் தூரத்தில் வைத்துக்கொண்டு பின்தொடருங்கள், முந்த வேண்டாம். ஹெல்மெட் கண்ணாடியில் மூச்சுப் படிந்தால் ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் தெளியும்.

கிளம்பும் முன் வண்டியில் என்ன பார்க்க வேண்டும்?

டயர் பட்டன் தேய்ந்திருக்கிறதா, பிரேக் ஷூ அல்லது பேடில் எவ்வளவு மிச்சம், பிரேக் எண்ணெய் அளவு, செயின் தொய்வு, கிளட்ச் கேபிளில் பிரிந்த நூல், ஹெட்லைட், ஹாரன். சர்வீஸ் விட்டு வாங்கி வந்த அன்றே மலைக்குக் கிளம்பாதீர்கள். நூறு கிலோமீட்டராவது ஊருக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். ஒருமுறை புதிதாக மாட்டிய பின் பிரேக் ராடின் நட்டைப் பட்டறையில் சரியாக முடுக்காமல் விட்டிருந்தார்கள். காரவள்ளி போய்ச் சேருவதற்குள்ளேயே அது கழன்றது. மலையில் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அதிலிருந்து கிளம்பும் காலையில் ஸ்பேனரை எடுத்து நானே ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்ப்பது வழக்கம்.

பெட்ரோலை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

என்ன உடுத்துவது?

முகம் முழுக்க மூடுகிற, ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட், பட்டையைப் பூட்டி. கையுறை. கணுக்கால் மூடிய ஷூ. கெட்டியான ஜீன்ஸ், முழுக்கை. பணம் இருந்தால் முழங்கால், முழங்கைக் காப்பு வைத்த ஜாக்கெட். கீழே வெயில் கொளுத்தினாலும் மேலே குளிரும், விரல் விறைத்தால் பிரேக் லீவரில் நிதானம் போய்விடும்.

அனுமதி, நேரத் தடை ஏதாவது உண்டா?

உண்டு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. கிளம்பும் முன் அரசுத் தளத்தில் பதிந்துகொள்ளுங்கள். முதுமலை தாண்டி பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் சாலை இரவு 9 மணியில் இருந்து காலை 6 மணி வரை மூடப்படும், 2009 முதல் அப்படித்தான். பண்ணாரியில் இருந்து திம்பம் ஏறும் இருபத்தேழு வளைவுப் பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு இருக்கிறது. மேகமலையில் செக்போஸ்ட் நேரம் உண்டு, இருட்டிய பிறகு விட மாட்டார்கள்.

கல்லட்டிப் பாதை பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். ஊட்டிக்கும் மசினகுடிக்கும் நடுவில் முப்பத்தாறு வளைவு, மிகச் செங்குத்து. வெளியூர் வண்டிகளை அதில் கீழே இறங்க விடுவதில்லை, மசினகுடியில் இருந்து ஏறலாம். பலர் உயிரிழந்த பிறகு வந்த கட்டுப்பாடு அது. காவலர்களிடம் வாதாடாமல் கூடலூர் வழியாகச் சுற்றிப் போங்கள்.

யானை நின்றால்?

காரமடையில் இருந்து வெள்ளியங்காடு, கெத்தை வழியாக மஞ்சூர் ஏறும் பாதையில் இது அடிக்கடி நடக்கும். நாற்பத்து மூன்று வளைவு, கூட்டமே இல்லாத சாலை, எனக்கு மிகவும் பிடித்தது. அரசுப் பேருந்தே அங்கே யானைக்காக மணிக்கணக்கில் நிற்கும். தூரத்தில் பார்த்ததும் நிறுத்துங்கள். ஹாரன், உறுமல், செல்ஃபி எதுவும் வேண்டாம். வண்டியைத் திரும்பிப் போகிற திசையில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். குட்டி இருந்தால் இன்னும் பின்னால் போங்கள். பஸ்ஸோ ஜீப்போ வந்தால் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அந்தக் காட்டை அறிந்தவர்கள் அவர்கள்.

வால்பாறைப் பாதையில் ஒன்பதாவது வளைவு பக்கம் வரையாடுகள் சாலைக்கே வரும். குரங்குக்கும் சரி அவற்றுக்கும் சரி, தின்ன எதுவும் கொடுக்காதீர்கள். தீனிக்குப் பழகிய விலங்கு வளைவில் வண்டிக்கு முன்னால் வந்து நிற்கும்.

நண்பர்களோடு கூட்டமாகப் போகிறோம். கவனிக்க வேண்டியது?

நான்கைந்து வண்டிக்கு மேல் வேண்டாம். புதியவரை இரண்டாவதாக விடுங்கள், கடைசியில் விட்டால் எட்டிப் பிடிக்கத் தன் சக்தியை மீறி ஓட்டுவார். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிறவர் கண்ணாடியில் தெரிகிறாரா என்று பார்த்துக்கொண்டால் போதும். தெரியாவிட்டால் அகலமான இடத்தில் நிற்க வேண்டும், வளைவில் நிற்கக் கூடாது. கொடைக்கானலுக்குக் கூட்டமாகப் போகிறவர்கள் வத்தலக்குண்டு வழியை விட்டுவிட்டு, பெரும்பாறை, தாண்டிக்குடி வழியாகப் போய்ப் பாருங்கள். காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் குறுகலான சாலை. நிதானமாகப் போனால் காப்பிப் பூ பூக்கிற சமயத்தில் ஹெல்மெட்டுக்குள்ளேயே மணம் வரும்.

யாராவது விழுந்துவிட்டால்?

முதலில் வளைவுக்கு மேலும் கீழும் ஆளை நிறுத்தி வண்டிகளை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டாவது விபத்து அங்கேதான் நடக்கும். விழுந்தவர் தலையிலோ கழுத்திலோ அடிபட்டதாகத் தெரிந்தால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். மூச்சு நன்றாக வந்தால் ஹெல்மெட்டையும் கழற்ற வேண்டாம். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். 108க்கு அழைத்து, எத்தனையாவது வளைவு என்று பலகையைப் பார்த்துச் சொல்லுங்கள். "கொல்லிமலை, 46வது வளைவு" என்றால் ஆம்புலன்ஸ் டிரைவருக்கு வேறு அடையாளம் தேவையில்லை. பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அப்போது ஒருவர் சிக்னல் கிடைக்கும் வரை மேலோ கீழோ போக வேண்டும். எந்தப் பக்கம் கிட்டே என்று ஏறும்போதே போனைப் பார்த்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் உதவும்.